புள்ளிவிவரக் கணக்கு கற்போர் தக்க நூலைத் தெரிந்துகொள்ளும் வகை

விவசாயிக்குக் கணக்கு புதியதொன்றன்று. விதை இவ்வளவு, எரு இவ்வளவு, ஆள் கூலி இவ்வளவு, கடனுக்கு வட்டி இவ்வளவு என்று மனத்திலேயே கூட்டிக் கழித்து முடிவு சொல்லும் திறமை கிராமங்களில் இன்றும் குறைவுபடவில்லை. ஆயினும் இவையெல்லாம் முழுவதையும் எண்ணிப் பார்த்துச் சொல்லும் கணக்குகள். ஒரு சிறு பாகத்தை மட்டும் அளந்து, அதனின்று அளக்கப்படாத பெரும்பாகத்தைப் பற்றி முடிவு கூறும் கணக்கு வேறு வகையானது. அதுவே புள்ளிவிவர சாஸ்திரம். பாடசாலை நூல்களில் புள்ளியியல் என வழங்குவது. இதனை வீட்டிலிருந்தபடியே கற்க விரும்பும் நிலக்கிழாருக்கும் கிராம உத்தியோகஸ்தருக்கும் முதலில் எழும் ஐயம், எந்த நூலை வைத்துக்கொண்டு தொடங்குவது என்பதாம். நூல் தவறாக அமையின் ஒரு மாதத்திற்குள் ஊக்கம் குன்றிவிடும். அதைவிடத் தீங்கு, கற்றுவிட்டோம் என்ற எண்ணம் மட்டும் தங்கிவிடுவது.

இந்தக் கல்வி யாருக்கு எதற்கு என்பதை ஓர் இடத்தை வைத்துப் பார்த்தல் நலம். விருதுநகர் மாவட்டத்தில், இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் கிழக்குப் பக்கத்தில் உள்ளது ஆலங்குளம். (தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் வேறு, சிமெண்டு ஆலையால் பெயர் பெற்ற ஆலங்குளமே இங்குக் கருதப்படுவது.) சுற்றிலும் கரிசல். பருத்தி, மக்காச்சோளம், பயறு வகைகள் வானத்தை நம்பிப் பயிராவன. மேற்கே செல்லச் செல்லக் கண்மாய்ப் பாசனத்தில் நெல்லும் உண்டு. ஐப்பசி கார்த்திகை மழை தக்க காலத்தில் பெய்தால் ஒரு விளைச்சல், தவறினால் வேறொரு விளைச்சல். ஆகவே இப்பக்கத்து விவசாயிகளுக்குப் பயிர்க் காப்பீடு என்பது பேருக்குக் கட்டும் பிரீமியம் அன்று.

2016-ம் வருஷத்தில் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஆலங்கட்டி மழை, வெள்ளத் தேக்கம் போன்ற சில இடர்களுக்குத் தனி வயலைப் பார்வையிட்டு மதிப்பிடுவதுண்டு. மற்றபடி இழப்பீடு ஒருவருடைய வயலைப் பார்த்துத் தரப்படுவதன்று. அறிவிக்கப்பட்ட கிராமத்திலோ பிர்காவிலோ சில வயல்களில் மட்டும் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி, அதில் கிடைத்த சராசரியே அனைவருடைய மகசூலாகவும் கொள்ளப்படும். முக்கியப் பயிருக்குக் கிராம அளவில் குறைந்தது 4 பரிசோதனைகளும் பிர்கா அளவில் குறைந்தது 10 பரிசோதனைகளும் வேண்டுமென்று திட்டத்தின் விதிகள் கூறின. நான்கு வயல்கள் ஓர் ஊருக்காகப் பேசுகின்றன என்பது இதன் பொருள்.

நெல்லுக்கு வெட்டும் துண்டு 5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது 25 சதுர மீட்டர். இது ஒரு ஹெக்டேரில் 400-ல் ஒரு பங்கு. எனவே துண்டில் கிடைத்த எடையை 400-ஆல் பெருக்கினால் ஹெக்டேர் மகசூல் வரும். தராசில் 100 கிராம் பிசகினால் ஹெக்டேருக்கு 40 கிலோ பிசகும்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். பின்வரும் எண்கள் விளக்கத்திற்காக அமைத்தவை. எந்த ஊரின் பதிவும் அல்ல. ஈரப்பதத்திற்கான கழிவும் எளிமை கருதி விடப்பட்டிருக்கிறது. ஒரு கிராமத்தில் நான்கு துண்டுகளில் கிடைத்த நெல் 7.40, 6.90, 7.18, 3.00 கிலோ. கூட்டுத்தொகை 24.48; சராசரி 6.12 கிலோ, ஹெக்டேருக்கு 2,448 கிலோ. இதற்கு முந்திய ஏழு வருஷங்களில் அவ்வூர் மகசூல் ஹெக்டேருக்கு 4,200, 3,900, 1,500, 4,400, 4,100, 2,300, 3,800 கிலோ என்று இருந்ததாகக் கொள்வோம். 2020-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி ஏழில் சிறந்த ஐந்து வருஷங்களின் சராசரியை எடுக்கவேண்டும், அது 4,080. இழப்பீட்டு நிலை 80 சதவீதமாயின், உத்தரவாத மகசூல் 3,264 கிலோ. இவ்வருஷத்துக் குறைவு 816 கிலோ, அதாவது சரியாக நாலில் ஒரு பங்கு. ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 30,000 ரூபாய் என்றால் 7,500 ரூபாய் சேரும்.

இனி, நான்காவது துண்டின் எடையைப் பதியும்போது 3.00 என்பது 8.00 என விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். சராசரி 7.37 ஆகிறது, ஹெக்டேருக்கு 2,948 கிலோ, குறைவு 316 கிலோ, ஏக்கருக்குச் சேர்வது ஏறத்தாழ 2,900 ரூபாய்தான். அவ்வூரில் காப்பீடு செய்த நெல் 100 ஏக்கர் எனில், ஓர் இலக்கத்தால் ஊருக்கு ஏறக்குறைய 4,60,000 ரூபாய் போயிற்று. இதைக் கண்டுபிடிக்க உயர்ந்த கணிதம் எதுவும் வேண்டியதில்லை. எனினும் இந்த எண்களை முன்பின் பார்த்துப் பழகாதவர் கண்ணில் இது படாது. பட்டாலும், எங்கே கேட்பது, என்ன கேட்பது என்று தோன்றாது.

இவ்வாறு வயலில் இறங்கி வெட்டிப் பார்க்கும் முறை எக்காலத்தும் இருந்ததன்று. முற்காலத்தில் கர்ணமும் முன்சீபும் பயிரைக் கண்ணால் பார்த்து இத்தனை அணா விளைச்சல் என்று எழுதுவது வழக்கம். பார்ப்பவர் மனப்போக்கிற்கு ஏற்பக் கணக்கு ஏறும், இறங்கும். பீகார்-ஒரிஸ்ஸா மாகாணத்தில் ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தராயிருந்த ஹப்பக் என்பவர் 1923 முதல் 1925 வரை நெல் வயல்களில் சிறு துண்டுகளைச் சமவாய்ப்பு முறையில் வெட்டிப் பார்த்து, தம் முடிவுகளை 1927-ல் வெளியிட்டார். பின்னர் கல்கத்தாவில் 1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை அமைத்த மஹலனோபிஸ் வங்காளத்தில் இம்முறையைப் பெரிய அளவில் நடத்தினார். துண்டு எவ்வளவு சிறிதாயிருக்கலாம் என்பது பற்றி அவருக்கும், இந்திய விவசாய ஆராய்ச்சிக் கவுன்ஸிலைச் சேர்ந்த சுகாத்மேக்கும் 1940-களில் கடுமையான விவாதம் நடந்தது. துண்டு சிறுத்தால் ஓரத்துப் பயிரை உள்ளே சேர்த்துவிடும் பழக்கத்தால் மகசூல் மிகைப்பட்டுத் தோன்றும் என்பது சுகாத்மேயின் வாதம். கயிறு கட்டி வெட்டிப் பார்த்த எவருக்கும் இதன் நியாயம் விளங்கும். தமிழ்நாட்டில் பரம்பரைக் கிராமப் பதவிகள் 1980-ம் வருஷம் நவம்பர் 14-ந் தேதி ஒழிக்கப்பட்டன. அடங்கல் மட்டும் கிராம நிர்வாக அலுவலர் கையில் தொடர்கிறது. அந்த அடங்கலில் எழுதும் சாகுபடிப் பரப்பும், பரிசோதனைத் துண்டின் எடையுமே ஓர் ஊரின் விளைச்சலாக மேலே செல்கின்றன.

நூலைச் சோதிக்கும் முறை

புத்தகம் வாங்கச் செல்பவர் மேற்கண்ட நான்கு எண்களையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி எடுத்துச் செல்வது நலம். 7.40, 6.90, 7.18, 3.00. இந்த எண்களை வைத்துக்கொண்டு ஒரு நூல் எவ்வளவு தூரம் அழைத்துச் செல்கிறது என்று பார்த்தால் அதன் தரம் கால்மணி நேரத்தில் தெரிந்துவிடும். அட்டையில் ‘எளிய’ என்றிருப்பதையும் பக்கங்களின் எண்ணிக்கையையும் பார்த்து வாங்குவதில் பயனில்லை.

முதலில் சராசரியைப் பற்றிய அத்தியாயத்தைத் திறக்கவேண்டும். கூட்டி வகுக்கும் விதியைச் சொல்லாத நூலே இராது, அது போதாது. கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு என்ற மூன்றில் எதனை எங்கே கொள்வது என்று காரணத்தோடு கூறுகிறதா என்பதே கேள்வி. நம் நான்கு எண்களின் இடைநிலை 7.04, கூட்டுச் சராசரியோ 6.12. நான்கில் மூன்று வயல்கள் ஏறத்தாழ 7 கிலோ கொடுத்திருக்க, ஊரின் மகசூலை ஏன் 6.12 என்று சொல்லவேண்டும்? சராசரியைப் பரப்பால் பெருக்கினால் மொத்த விளைச்சலின் மதிப்பீடு கிடைக்கும். இடைநிலையைப் பெருக்கினால் கிடைக்காது. கருகிய வயலின் நஷ்டமும் ஊரின் நஷ்டமேயாதலால் அது கணக்கில் சேரவேண்டும். இதற்கு மாறான இடமும் உண்டு. ஓர் ஊரில் ஒன்பது பேருக்கு 2 ஏக்கர் வீதமும் ஒருவருக்கு 82 ஏக்கரும் இருந்தால் சராசரி உடைமை 10 ஏக்கர் என்று வரும். அவ்வூரில் 10 ஏக்கர் உடையவர் ஒருவரும் இல்லை. அங்கே இடைநிலையாகிய 2 ஏக்கரே உண்மைக்கு அணித்தானது. இவ்விரண்டு இடங்களையும் வேறு பிரித்துக் காட்டாத நூலை மேற்கொண்டு புரட்டவேண்டிய அவசியமில்லை.

அடுத்தபடி, எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைச் சொல்லும் அத்தியாயம். இங்குத்தான் தானே கற்பவர் பெரும்பாலும் தடுக்கி விழுகிறார். சராசரியினின்று ஒவ்வோர் எண்ணும் எவ்வளவு விலகுகிறது என்று கண்டு, அவ்விலக்கங்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் நம் உதாரணத்தில் 13.10 வரும். அதை 4-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் 1.81. வேறொரு நூலில் 3-ஆல் வகுக்கச் சொல்லியிருக்கும், அப்போது 2.09. இரண்டு நூல்களையும் வைத்துக்கொண்டு படிப்பவர், ஒன்றில் அச்சுப்பிழை என்று எண்ணிவிடுவார். இரண்டும் பிழையல்ல. அந்த நான்கு வயல்களைப் பற்றி மட்டும் பேசுவதானால் 4-ஆல் வகுக்கலாம். அந்த நான்கைக் கொண்டு ஊர் முழுவதையும் பற்றிப் பேசுவதானால் 3-ஆல் வகுக்கவேண்டும். காரணம் கடினமானதன்று. சராசரியும் அந்த நான்கு எண்களிலிருந்தே எடுக்கப்பட்டமையால், விலக்கங்களைக் கூட்டினால் எப்போதும் பூஜ்யமே வரும். மூன்று விலக்கங்கள் தெரிந்தால் நான்காவது தானே தெரிந்துவிடும். ஆகவே சுயேச்சையான செய்திகள் மூன்றுதாம். இதனை ஒரு பாராவிலாவது விளக்கும் நூல் நம்பத்தக்கது.

மூன்றாவதாக, எண்கள் எப்படி வந்தன என்று நூல் கேட்கிறதா? பல துணைநூல்களில் ஒவ்வொரு கணக்கும் ‘கீழ்க்கண்ட விவரங்களுக்குச் சராசரி காண்க’ என்றே தொடங்கும். யார் அளந்தார், எந்த வயலை ஏன் தேர்ந்தார் என்ற கேள்வியே எழாது. விவசாயிக்கு இது முழுப் பாதிக் கல்வியை இழப்பதாகும். அறுவடைப் பரிசோதனையில் சர்வே எண்ணைச் சமவாய்ப்பு எண்களால் தெரிவு செய்வதும், வயலின் தென்மேற்கு மூலையில் நின்று நீளவாக்கில் இத்தனை அடி, அகலவாக்கில் இத்தனை அடி என்று அவ்வெண்களின்படியே நடந்து துண்டைக் குறிப்பதும், எவருடைய கண்ணும் நல்ல பயிரையோ சாவிப் பயிரையோ நாடிவிடக்கூடாது என்பதற்காகவே. வரப்போரத்தில் கயிறு கட்டுவது எளிது, ஆதலால் இங்கேயே வெட்டிவிடுவோம் என்பவரிடம் என்ன சொல்வது என்பதை நூல் கற்பிக்கவேண்டும்.

கடைசியாக, சராசரியை எவ்வளவு நம்பலாம் என்பது. திட்ட விலக்கமாகிய 2.09-ஐ, எண்ணிக்கையாகிய 4-ன் வர்க்கமூலமான 2-ஆல் வகுத்தால் 1.05 கிலோ வரும். இதற்குத் திட்டப்பிழை என்று பெயர். ஹெக்டேருக்கு இது சற்றேறக்குறைய 420 கிலோ. 2,448 என்று எழுதப்பட்ட மகசூலில் அவ்வளவு தளர்வு இருக்கிறது. இந்தத் தளர்வைப் பாதியாக்க இரண்டு மடங்கு பரிசோதனை போதாது. நான்கு மடங்காகிய 16 வேண்டும். பரிசோதனைகளைக் கூட்டவேண்டுமென்று கிராம சபையில் பேசுவோர் இந்த ஒரு விதியை அறிந்து பேசினால் அப்பேச்சுக்கு வலிமை உண்டு.

கிடைக்கும் நூல்கள்

விலை கொடுத்து வாங்குமுன், வீட்டுப் பிள்ளைகளின் பைகளைப் பார்க்கலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தின் புள்ளியியல் இயல் மூன்று வகைச் சராசரிகளையும், பத்தாம் வகுப்புக் கணிதத்தில் ‘புள்ளியியலும் நிகழ்தகவும்’ என்னும் இயல் திட்ட விலக்கத்தையும் மாறுபாட்டுக் கெழுவையும் தெளிவான தமிழில் சொல்கின்றன. செய்து காட்டிய கணக்குகளும் பயிற்சிக்கு விடைகளும் உண்டு. பள்ளிப் படிப்பை விட்டு முப்பது வருஷம் ஆனவருக்கும் இவையே சரியான தொடக்கம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பத்தாம் வகுப்பு நூல் மொத்த எண்ணிக்கையால் வகுக்கும் முறையையே சொல்கிறது என்பதை நினைவிற்கொள்ளவேண்டும்.

அடுத்த படி, மேல்நிலை முதலாம், இரண்டாம் ஆண்டுகளுக்குரிய புள்ளியியல் பாடநூல்கள். இவை 2018, 2019-ம் வருஷங்களில் புதிய பாடத்திட்டப்படி வெளிவந்தன, தமிழிலும் உள்ளன. முதலாம் ஆண்டு நூலில் விவரங்களைச் சேகரிப்பதும் கூறெடுப்பதும் பற்றித் தனி அத்தியாயம் இருக்கிறது. மேலே கூறிய மூன்றாவது சோதனையில் இந்நூல் தேறிவிடுகிறது. இரண்டாம் ஆண்டு நூலில் திட்டப்பிழையும், சிறு கூறுகளுக்கும் பெருங்கூறுகளுக்குமான சோதனைகளும் வருகின்றன. கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் முதலாம் ஆண்டு நூலை ஒழுங்காக முடித்தாலே தம் வேலைக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதியை அறிந்தவராவார். நடுவிலுள்ள கணித முறைகள் பற்றிய அத்தியாயத்தை முதல் வாசிப்பில் விட்டுவிடலாம்.

‘கைடு’ என வழங்கும் பரீட்சைத் துணைநூல்களை வாங்குவதானால், விடை சரிபார்க்க மட்டும் வாங்கலாம். அவற்றில் ஊகச் சராசரி முறை, படி விலக்க முறை என்பவற்றிற்குப் பல பக்கங்கள் செலவழிந்திருக்கும். கையால் பெருக்கி வகுத்த காலத்தில் உழைப்பைக் குறைக்க ஏற்பட்ட உபாயங்கள் அவை. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைப்பேசி இருக்கும் இக்காலத்தில், பரீட்சை எழுதாதவர் அவற்றில் நாட்களைப் போக்கவேண்டியதில்லை.

ஆங்கிலம் வாசிப்போர்க்கு ஒரு நூல் தனித்துச் சொல்லத்தக்கது. இந்தூரில் பருத்தி ஆராய்ச்சியில் நெடுங்காலம் உழைத்த பான்சேயும், மேலே கூறிய சுகாத்மேயும் சேர்ந்து விவசாய ஊழியர்களுக்காக எழுதிய புள்ளிவிவர முறைகள் பற்றிய நூலை இந்திய விவசாய ஆராய்ச்சிக் கவுன்ஸில் 1954-ல் வெளியிட்டது. நம் நாட்டு வயல்களிலிருந்து உதாரணங்களை எடுத்து எழுதப்பட்டமையே அதன் சிறப்பு. பழமையானது, நடை வறண்டது, தொடக்கத்தார்க்குச் சற்றுக் கடினம். பாடநூல்களை முடித்தபின் கையில் எடுத்தால் வேறெந்த நூலும் தராத பயனைத் தரும். ஆங்கில நாட்டு ரொதாம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்த பிஷர் 1925-ல் எழுதிய நூல் இச்சாஸ்திரத்திற்கு அடித்தளமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் பெரியவர் எழுதிய நூல் என்ற காரணத்தால் அதனை முதல் நூலாகக் கொள்வது, நாற்று விடாமல் நடவுக்கு இறங்குவது போலாம்.

விதைகளை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர் ஒரு செய்தியைக் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்து ரகம் ஒன்றைக் கிழக்கு வயலிலும் தம் வழக்கமான விதையை மேற்கு வயலிலும் இட்டு, கிழக்கில் கூடுதலாக வந்தது, ஆகவே விதை உயர்ந்தது என்று சொல்பவர் விதையையும் மண்ணையும் ஒன்றாகக் கலந்துவிட்டார். ஒரே வயலைப் பல பட்டைகளாகப் பிரித்து, எப்பட்டையில் எவ்விதை என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானித்து, ஒவ்வொன்றையும் பலமுறை திரும்ப இடவேண்டும். இது பிஷர் வகுத்த நெறி. அவருக்கு முன்னரே, கின்னஸ் என்னும் மதுபான ஆலையில் வாற்கோதுமைச் சோதனைகளில் ஈடுபட்டிருந்த காஸெட் என்பவர், சில வயல்களின் எண்களை மட்டும் வைத்து முடிவுகட்டும் வகையை 1908-ல் எழுதினார். சாஸ்திரத்தின் பெரும்பகுதி வயலிலேயே தோன்றியிருக்க, வயலைப் பற்றி ஒரு கணக்கும் இல்லாத நூலை விவசாயி வாங்குவது வேடிக்கையே.

படிக்கும்போது நூலிலுள்ள கணக்குகளோடு சொந்தக் கணக்கும் ஒன்று நடக்கவேண்டும். தம் நிலத்துக்குரிய கடந்த சில பசலிகளின் மகசூலையோ, வட்டார மழையளவையோ ஒரு நோட்டில் எழுதி வைத்து, ஒவ்வோர் அத்தியாயம் முடிந்ததும் அவ்விதியை அவற்றிலேயே செய்து பார்க்கலாம். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால், ஒன்பதாம், பத்தாம் வகுப்பு இயல்களை ஓரிரு மாதத்தில் முடிப்பது கடினமன்று. ஊரில் பரிசோதனை நடக்கும் நாளில் நேரில் சென்று, கயிறு கட்டுவதையும் எடை போடுவதையும் பார்த்து, எடையை அங்கேயே குறித்துக்கொள்வது எந்த அத்தியாயத்திற்கும் குறைந்த பாடமன்று.

நூல் தேர்ந்தவர் செய்து பார்க்க ஒரு கணக்கு: அடுத்த கிராமத்தில் நான்கு துண்டுகளின் எடை 6.30, 5.90, 6.08, 6.20 கிலோ. சராசரி, 3-ஆல் வகுத்த திட்ட விலக்கம், திட்டப்பிழை ஆகியவற்றைக் காண்க. உத்தரவாத மகசூல் இரண்டு ஊருக்கும் 3,264 கிலோவே எனில் இழப்பீட்டில் வேறுபாடு உண்டா? எந்த ஊரார் தங்கள் பரிசோதனைப் பதிவை மறுமுறை எடுத்துப் பார்க்கக் கேட்கவேண்டும்?

விடை: சராசரி 6.12 கிலோ, திட்ட விலக்கம் 0.17, திட்டப்பிழை 0.086 கிலோ, ஹெக்டேருக்கு ஏறத்தாழ 34 கிலோ. இழப்பீடு இரண்டு ஊருக்கும் 25 சதவீதமே. மறுமுறை பார்க்கக் கேட்கவேண்டியவர் முதல் ஊரார், 3.00 கிலோ கிடைத்த வயல் உண்மையில் கருகியதா, எடையிலோ பதிவிலோ பிசகு நேர்ந்ததா என்பது வயலுக்குடையவரைக் கேட்டாலே தெரியும்.